கைக்கெட்டும் தூரம்

பந்து இன்னும் வீசுகிறவன் கைக்கு வரவில்லை.

ஜாரெல் முழங்காலை லேசாக மடக்கி, எதிரே நின்ற ஒல்லிப் பையனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்டக்காரனுக்கு முதல் பாடமே அதுதான். கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், இடுப்பு மட்டும் ஆள் போகிற பக்கம்தான் போகும்.

காலையிலிருந்து இந்த ஒல்லியோடுதான் மல்லுக்கட்டு. மைதானத்தில் வேறு இடமே இல்லாதது மாதிரி ஒவ்வொரு முறையும் ஜாரெலின் பக்கமே வந்து நிற்கிறான். முகம் எப்படி என்று கேட்டால் ஜாரெலுக்குத் தெரியாது. இடுப்பைக் கேளுங்கள், அங்குலம் அங்குலமாகச் சொல்வான்.

"என்னடா, விடிஞ்சதுலேருந்து என் இடுப்பையே பாக்குற? அங்க என்ன சினிமாவா ஓடுது?" என்றான் ஒல்லி.

ஜாரெல் இடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜூன் மாதத்து டெக்ஸாஸ் வெயில். செயற்கைப் புல்லிலிருந்து கிளம்பிய அனலில் மைதானத்தின் அந்தக் கோடி தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல ஆடியது. ஓரத்துக் கூடாரங்கள் தரையை விட்டு மிதந்தன. யாரோ தசைப்பிடிப்புக்கு ஊறுகாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போட்ட குப்பி உருண்டுகொண்டே போயிற்று, நிற்கவேயில்லை.

இது கோடை ஆட்டம். பந்தை வீசலாம், பிடிக்கலாம், அவ்வளவுதான். மோதிச் சாய்க்கிற வேலையெல்லாம் ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கிய பிறகு. இப்போது பந்தைப் பிடித்தவனை ஒரு கையால் தொட்டால் போதும், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பச்சைக் குழந்தைகூடத் தொட்டுவிடும்.

ஜாரெலால்தான் முடியவில்லை.

போன நவம்பரில், மழை பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை, வேற்றூர்ப் பையன் ஒருவனை மோதிச் சாய்த்தான். விதிப்படி சரியான மோதல்தான். நடுவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பையன் எழுந்திருக்கவில்லை. கழுத்து அசையக்கூடாது என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அம்மா அந்தப் பையனின் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்ளத் தொடங்கினால், ஜாரெல் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். பேர் காதில் விழுந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்க முடியாது என்று பயம்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து கை போகிறது, ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது. பாழாய்ப்போன கை. இந்தக் கோடையில் மட்டும், எதிரணி பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டிய ஏழு டச்டவுன் அவன் பக்கமாகவே போயிற்று.

"இன்னொண்ணு உன் பக்கம் போச்சுன்னா, ஆகஸ்ட்ல உன் எடத்துல வேற பையன் நிப்பான் தம்பி. எனக்கும் வேற வழியில்ல," என்று கோச் ப்ரூயிட் காலையிலேயே சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார்.

இந்த இடமும் போய்விட்டால் ஜாரெலுக்கு வேறென்ன இருக்கிறது? ஆறு வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

பந்து கைக்கு வந்தது. வீசுகிறவனுக்கு நான்கு விநாடிதான் அவகாசம்.

ஒன்று. ஒல்லியின் தோள் உள்பக்கம் சாய்ந்தது. இடுப்பு சாயவில்லை. ஜாரெல் ஏமாறவில்லை.

இரண்டு. இருவரும் ஓரக் கோட்டை ஒட்டிப் பறந்தார்கள்.

மூன்றாவது விநாடியில் எல்லாச் சத்தமும் அடங்கிப்போயிற்று. கோச்சின் கத்தல், கூடாரத்துப் பாட்டு, தன் கால் சத்தம், எதுவும் இல்லை. யாரோ கனவுக்குள் அவனை இறக்கிவிட்டாற்போல் இருந்தது. பந்து வெளுத்த வானத்தில் மெல்லச் சுழன்று வந்தது, எங்கும் விழப்போகிற அவசரமே அதற்கு இல்லை.

ஒல்லி தலையைக்கூட முழுதாகத் திருப்பாமல் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். சும்மா சொல்லக்கூடாது, அழகான பிடி.

கோட்டுக்கு இன்னும் ஆறு தப்படி.

முன்னால் வியர்வையில் நனைந்த முதுகு. ஜாரெல் கையை நீட்டினான். கை போயிற்று. ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ஐந்து தப்படி. நான்கு.

போயேன், கையே, என்று ஜாரெல் கெஞ்சினான். நிஜமாகவே கெஞ்சினான், அழுகை வரும்போல இருந்தது.

உள்ளங்கை அந்த முதுகில் பட்டது.

சூடாக இருந்தது. உள்ளே மூச்சு ஏறி இறங்கியது. முதுகு சாயவில்லை, விழவில்லை, இரண்டு எட்டு வைத்துத் தானாகவே நின்றது. விசில் எங்கோ தொலைவில் கேட்டது. கோட்டுக்கு இரண்டு தப்படி முன்னால் ஆட்டம் நின்றிருந்தது. கோச் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜாரெலுக்குக் கையை எடுக்க மனமில்லை.

ஒல்லி திரும்பவில்லை. மூச்சு வாங்கியபடி, முன்னால் பார்த்தே பேசினான்.

"நவம்பர்ல இப்படித் தொட்டிருந்தா எனக்குக் கழுத்துப் பட்டை போடுற வேலை மிச்சமாயிருக்கும்."

ஜாரெலின் கண் அந்தக் கழுத்துக்குப் போயிற்று. ஒல்லி அந்தக் கை தானாக விலகும்வரை அசையாமல் நின்றான். பிறகு பந்தை நடுவரிடம் உருட்டிவிட்டான்.

"அடுத்த பந்துக்கு இன்னும் கிட்டவே நில்லுடா," என்றான். "எனக்கும் பயம் போகணும்ல."