இப்போதைக்கு இல்லைங்க

இந்த அறையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், கண்ணுகளா. ஜன்னல் கம்பிகளின் நிழல் வக்கீலம்மாவின் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. எதிரே லாரி ஓட்டுநரும் அவர் மனைவியும். நாளை விசாரணை. விதைப்பையில் கட்டி இருக்கிறது என்று அவர் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் போய்ச் சொல்லியும், உட்கார்ந்தே ஓட்டுகிற சூடு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார் மருத்துவர். புற்றுநோய் என்று தெரிவதற்குள் அது வயிறுவரை பரவிவிட்டது. மருந்தேற்றி உயிரை இழுத்துப் பிடித்துவிட்டார்கள். பிள்ளைக்கு மட்டும் வழியில்லாமல் போனது. அதற்குத்தான் இழப்பீடு கேட்கிறார்கள். “நாளைக்குக் கோர்ட்ல கேக்கிற மாதிரியே கேக்கறேன். பிள்ளைங்க இருக்காங்களா?” என்கிறார் வக்கீலம்மா. “இப்போதைக்கு இல்லைங்க.” சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி ஓட்டுநரின் நாக்கில் ஒட்டிக்கொண்ட பதில். “அண்ணே, ‘இப்போதைக்கு’ன்னு சொன்னா எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சுக்குவார். ‘இனி இல்லை’ன்னு சொல்லணும். வழக்கே அதுதான்.” “எவ்வளவு பெரிய லாரியையும் திருப்பிடுவேன், இந்த நாக்கு திரும்ப மாட்டேங்குதுங்க.” சிரித்துக்கொண்டே, முடி புதிதாய் முளைக்கும் தலையைத் தடவுகிறார். மின்விசிறி கடகடக்கிறது. மறுபடியும் அதே கேள்வி. “இனி” என்றவர் அதோடு நிற்கிறார். பக்கத்தில் மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். “நாளைக்குச் சொல்லிடுவாருங்க,” என்கிறாள், யாரையும் பார்க்காமல். “இன்னிக்கு ஒரு நாள் ‘இப்போதைக்கு’ன்னே இருந்துட்டுப் போகட்டும்.”