பாம்புக்காது

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான்.

சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

இந்தப் பக்கம் மெஷினை இயக்குகிற பெண். அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் நான்.

வெளியே அவர் பேரைக் கூப்பிட்டபோது நான்தான் முதலில் எழுந்தேன். என்னைப் பார்த்துவிட்டு அவர் எழுந்தார். "காது டெஸ்டா? எனக்கா? நல்ல கூத்து" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

இதில் தேறினால் ஆபீஸில் இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வார்கள். அது அவர் கவலை.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. போன செவ்வாய்க்கிழமை நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, இல்லையா?

எழுதிக் காட்டியிருக்கலாம். எழுதினால், அவர் மறைப்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் அழுத்திவிட்டார். மறுபடி எரிந்தது.

முதல் ஐந்து நிமிஷம் அவர் பார்வை, மெஷினைத் தட்டும்போதெல்லாம் அசைந்த அந்தப் பெண்ணின் முழங்கையிலேயே இருந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா கண்ண மூடிக்கிட்டு எவ்வளவு கவனமா கேக்கறாரு பாருங்கம்மா" என்றாள்.

அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பார்.

ஒரு கம்ப்யூட்டர் ஒரு பீரோ அகலம் இருந்த காலத்தில் அவர் நெட்வொர்க் வேலையில் சேர்ந்தார். ஒரு ஊர் கம்ப்யூட்டர் இன்னொரு ஊர் கம்ப்யூட்டரோடு டெலிபோன் கம்பி வழியாகப் பேசும். பேச்சை ஆரம்பிக்கும் முன்னால் மோடம் கத்தும், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. லைன் படுத்துக்கொண்டால் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, ரிசீவரை அந்தக் கத்தலுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். இவர் சாப்பிட்ட கையோடு வந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"மூணாவது தெருப் பெட்டில தண்ணி எறங்கியிருக்கு. போய்ப் பாரு."

போய்த் திறந்தால் தண்ணீர் நிற்கும்.

ஆபீஸில் அவருக்குப் பேர் பாம்புக்காது. எனக்கு அது நாற்பத்தொரு வருஷ இம்சை. சமையலறையில் என் தங்கையோடு மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை குசுகுசுவென்று பேச முடிந்ததில்லை. கூடத்திலிருந்து இருமல் வந்துவிடும்.

இப்போது எல்லாம் கண்ணாடி இழை. உள்ளே வெளிச்சம் போகிறது, வாயைத் திறப்பதில்லை. மிச்சமிருக்கும் இரண்டு பழைய லைன்களுக்காகத்தான் இவரை வைத்திருக்கிறார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், அவர் முதுகுக்குப் பின்னால், என் கை தவறி ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்தது. சுழன்று சுழன்று அடங்கியது.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேறு யாருக்குப் போனாலும் பரவாயில்லை, அவருக்குக் காது போகலாமா?

ஆனால் எங்களுக்குள் பேச்சு நின்றுவிடவில்லை. தினமும் காபியோடு நான் ஆரம்பிப்பேன். பால் தண்ணியாக இருக்கிறது என்பேன். "வேற ஆளப் பாரு." பையன் போனே பண்ணவில்லை என்பேன். "அவன் அப்படித்தான்." கடைசியில் என் முழங்கால் வலி. "சரியாயிடும். நான் இருக்கேன்ல."

ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. அதனால், கொஞ்சம் காது மிச்சமிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் விழும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் இரண்டு கைகளையும் மெஷினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

கொஞ்சம் விட்டு, மறுபடி எரிந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான் சத்தமே குடுக்கல. நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு."

உள்ளே அவர் அழுத்திக்கொண்டிருந்தார். ஒன்று. ஒரு மூச்சு விட்டு, இன்னொன்று. முகத்தில் அந்தப் பழைய நிதானம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் தன் வேலையை எனக்கு விளக்கியிருக்கிறார். "அந்தப் பக்கம் என்ன பேசுதுன்னுகூடக் கேக்க வேண்டாம்டி. எப்ப நிறுத்தும்னு தெரிஞ்சா போதும், பதில் அனுப்பிடலாம்." நான் சிரித்தேன். எங்க அப்பாவும் எங்க அம்மாவுக்கு அப்படித்தான் பதில் சொல்கிறார் என்றேன்.

"என்னம்மா எழுதட்டும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"உள்ளத எழுதும்மா. ஆனா இப்ப அவர நிறுத்தாத. வேலைல இருக்காரு."

செவ்வாய்க்கிழமை பால் ஆயிற்று, பையன் ஆயிற்று. முழங்காலை விட்டுவிட்டு, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எனக்குக் கட்டி ஈரல் வரைக்கும் போய்விட்டது, மிஞ்சினால் நாலு மாதம்.

அவர் பேப்பரை மடித்தார்.

"சரியாயிடும். நான் இருக்கேன்ல."

குரல் லேசாகக் கம்மியிருந்ததாக நினைத்துக்கொண்டேன்.