உலர்ந்த உள்ளங்கை

மேஜைக்குப் பின்னால் தலைமையாசிரியர். அவருக்கு வலப்பக்கம் கணக்கு வாத்தியார், இடப்பக்கம் அறிவியல் டீச்சர். கதவோரம் ஸ்டூல் நுனியில், தபால் பார்க்கும் குமாஸ்தா அக்கா. பீரோவில் பூட்டி வைத்த கேள்வித்தாள் கட்டை யாரோ பிரித்திருந்தார்கள். தலைமையாசிரியரைத் தவிர, சாவி இருக்குமிடம் இந்த மூவருக்குத்தான் தெரியும்.

"கையை நீட்டுங்க," என்றார் தலைமையாசிரியர். திருடின கை வேர்க்கும் என்பது அவருடைய சட்டம்.

அக்காவும் நீட்டினாள். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

வாத்தியாரின் கையைத் தலைமையாசிரியர் தொட்டுப் பார்த்தார். "என்னய்யா, தொப்பலா நனைஞ்சிருக்கு?"

"உங்களைப் பார்த்தாலே வேர்க்குது சார்."

டீச்சர் கையும் பிசுபிசுத்தது. அக்காவின் கை மட்டும் காய்ந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"என்னைக் கண்டா தப்பு பண்ணாதவங்களுக்கே வேர்க்குது. உனக்கு மட்டும் எப்படிம்மா வேர்க்கல?"

அக்கா உண்மையைச் சொன்னாள்.

"சின்ன வயசுலேருந்தே எனக்குக் கையில வேர்வை ஒழுகும் சார். போன வருஷம் அதை வச்சு என்னைத்தான் சந்தேகப்பட்டீங்க. அந்தப் பயத்துல, கடன் வாங்கி, போன வாரம் உள்ளங்கையில போடாக்ஸ் ஊசி போட்டுக்கிட்டேன். இன்னிக்குத்தான் கை காஞ்சுது."

"முகச் சுருக்கத்துக்குப் போடுறதா?"

"வேர்வை நிக்கறதுக்கும் போடுவாங்க சார்."

"ஆக, கட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே தயாராயிட்ட."

அவளை நீக்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, அவளிடமே நீட்டினார். தபால் அவள் வேலையாயிற்றே. உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, தபால்காரரிடம் கொடுத்தாள். அவள் விரல் ஈரம் படாமல் அந்தப் பள்ளியை விட்டுப் போன முதல் உறை அதுதான்.