முழுக்கைச் சட்டை

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார் அப்பாதுரை. உள்ளே இரண்டு கையும் நெருப்பாய் அரித்தன. முழங்கையில் தோல் செதில் செதிலாக உதிர்ந்தது.

"மில் டாக்டர் பரிசோதனைன்னு நோட்டீஸ் ஒட்டினாப் போதும், உங்களுக்கு இது பொங்கிக்கிட்டு வருது. முடிஞ்சா அடங்கிடுது" என்றாள் மனைவி தாயம்மா. "சூடோ பித்தமோ, தெரியலை."

"சூடும் இல்லை, பித்தமும் இல்லை. அந்த வெங்கடகிருஷ்ணன் வெச்ச கொள்ளி."

"ஆறு வருஷமா இதையே சொல்றீங்க."

"அறுபது வருஷமானாலும் சொல்வேன்."

வெங்கடகிருஷ்ணனும் இவரைப் போல பெங்களூர் அல்சூர்தான். மில்லில் இருவருக்கும் ஒரே தறி. இவருக்குக் காலை ஷிப்டு, அவனுக்கு மதியம். ஐம்பத்திரண்டு எலெக்‌ஷன் சமயம், ஷிப்டு மாறும்போது இவர் கையை அவன் பார்த்துவிட்டான். மறுநாளே டாக்டர் அறை வாசலில் நின்றான். இவர் கண்ணாலேயே பார்த்தார். காட்டிக் கொடுக்காமல் வேறு எதற்குப் போவான்?

தறியில் குறுக்கே ஓடி ஊடுநூல் போடுகிற நாடாவின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுக்கிற வேலை. இவர் வாய் வைத்த அதே நாடாவில்தான் மதியம் அவனும் வாய் வைக்க வேண்டும். தோல் வியாதி என்று தெரிந்தால் யார் தறியில் விட்டுவைப்பார்கள்?

அன்று முதல் அவன் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுத்தான் நகர்வார்.

வருஷா வருஷம் டாக்டர் தேசிகன் கண்ணையும் பல்லையும் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார். இவரும் தப்பித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் வரிசையில் நிற்கும்போதே அரிப்புத் தாங்கவில்லை. சட்டையோடு சேர்த்துச் சொறிந்தார். வெள்ளைத் துணியில் ரத்தம் கசிந்தது.

"கையை மடிச்சு விடுப்பா" என்றார் டாக்டர்.

அப்பாதுரை பொத்தானைக் கழற்றிக் கையை மடித்துவிட்டார். "சாமி, கட்டிக்கொடுக்க மூணு பொண்ணுங்க இருக்கு. வேலையிலேருந்து எடுத்துடாதீங்க."

"எதுக்கு எடுக்கணும்? இது யாருக்கும் ஒட்டாது. மனசுல பயம் ஏற ஏற, தோல்ல தெரியும். அப்படி என்னப்பா பயம் உனக்கு?"

"அந்த வெங்கடகிருஷ்ணன் அன்னிக்கே வந்து உங்ககிட்டச் சொல்லிட்டானே."

"சொல்ல வரலை, கேக்க வந்தான். ஒரே நாடாவுல வாய் வைக்கிறோம், ஒட்டுமான்னான். ஒட்டாதுன்னேன். அப்போ பரிசோதனையில அவர் கையைப் பார்க்காதீங்க, பயந்தே செத்துடுவாருன்னான். அதான் உன் சட்டையை நான் தொட்டதே இல்லை."

அப்பாதுரைக்கு அப்போதும் மனசு ஆறவில்லை.

"ஒட்டாதுங்கிற அந்த ஒரு வார்த்தையை எங்கிட்ட வந்து சொன்னா அவன் வாய் தேய்ஞ்சா போயிடும்?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"நேத்துதான் வந்து அழுதான். ஆறு வருஷமா சொல்ல வர்றானாம். நீ காறித் துப்பிட்டுப் போயிடறியாமே."