எண் பலகையின் இரண்டாவது வரி

மெக்கானிக் கடை வாசலில், மத்தியான வெயிலில், என் வண்டி முதுகைக் காட்டி நிற்கிறது. வேலைக்காக நான் இந்த நகரத்துக்கு வந்தாயிற்று; வேறு மாநிலம் என்பதால் வண்டிக்கும் இந்த ஊர் எண்ணை மாட்டியாக வேண்டும். ஆபீஸ் பக்கத்தில் அறை எடுக்க என் சம்பளம் காணாது. தினமும் மூன்று மணி நேரம் இதன் மேல்தான் குடியிருக்கிறேன். மெக்கானிக் பழைய பலகையைக் கழற்றி, டீசல் துணியால் சேற்றைத் துடைக்கிறார். எண்ணுக்குக் கீழே, மஞ்சள் பெயிண்டில், 'பீ. ஈ.' என்று இருக்கிறது. "யாரும்மா இந்தக் கண்றாவிய எழுதுனது?" வயிறு குலுங்கச் சிரிக்கிறார். நான் பி.இ. முடித்த அன்று அப்பா வாயால் சொன்னதைப் பெயிண்டர் அப்படியே எழுதி வைத்தது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அந்த எழுத்து என்ன அர்த்தம் தருகிறது என்று நானும் சொல்லவில்லை. நாலு வருடம் முட்டி மோதி வாங்கிய பட்டம், இந்த வரியால் இங்கே ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர். அதையும் சொல்லவில்லை.

புதுப் பலகையின் கடைசித் திருகாணி இறுகும்போது அப்பா வீடியோவில் கூப்பிடுகிறார். காட்டச் சொல்கிறார். காட்டுகிறேன். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "என்னம்மா, ஒரு வரி கொறையுது?" "இங்க நம்பர் மட்டுந்தான் இருக்கணுமாம்ப்பா." அவர் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டு வருகிறார். "அப்ப நீ படிச்ச புள்ளைன்னு அங்க எவனுக்குத் தெரியும்?" மெக்கானிக் ஸ்பானரைச் சத்தமில்லாமல் தரையில் வைக்கிறார். நான் கேமராவை என் முகத்துப் பக்கம் திருப்பாமல், வண்டியின் மேலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.