அடுத்த பஸ்

சுவீடனின் வடகோடியில், லூலியோவில் பஸ் ஓட்டுகிறேன். தன் மகள் வீட்டுக்கு ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ரோசியோ தினமும் காலையில் ஏறி, எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரைக் கேலி செய்வார்.

"மைனஸ் இருபதுல கைக்குழந்தையை வாசல்ல தூங்க வைக்கிறீங்க! அந்தக் குளிர்லயும் ஐஸ்கிரீம் சாப்பிடுறீங்க! பேச மட்டும் வாய் உறைஞ்சு போச்சா?"

"இன்னிக்கு யார் மேலம்மா கோபம்?"

"ஸ்டாப்புல என்கூட நிக்கிறாரே டோர்ஸ்டன், அவர் மேலதான். மூணு வாரமா என் கதையெல்லாம் சொல்றேன் தம்பி. 'ம்ம்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். என்னைக் கண்டாலே பிடிக்கல போல. நாளைக்கு ஊருக்குக் கிளம்புறேன்னேன். அதுக்கும் பனியையே பார்த்துக்கிட்டு நின்னார்."

சிரித்தேன்.

"ஆனா பாவம், நான் ஏறினப்புறமும் அங்கேயே நிக்கிறார். அவர் பஸ் எத்தனை மணிக்குத்தான் வரும்?"

கண்ணாடியில் ரோசியோவைப் பார்த்தேன்.

"அந்த ஸ்டாப்புக்கு இந்த ஒரு பஸ்தாம்மா. அவர் ரிட்டையர் ஆகி ஆறு வருஷமாச்சு. வீடு எதிர்லயே இருக்கு. நீங்க பேசுறதைக் கேட்கத்தான் வந்து நிக்கிறார்."

ரோசியோ மணியை விடாமல் அழுத்தினார்.

"நிறுத்து தம்பி, நிறுத்து! அவர்கிட்டச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கு!"