பின்பக்கம் இல்லாத மண்டபம்

"நான் போகலீங்கம்மா" என்றாள் அம்மாக்கண்ணு, குசினியில் கழுவிய சட்டியைக் கவிழ்த்தபடி. "தனுஜா மட்டும் போய் வாங்கிட்டு வரட்டும்."

வீட்டுக்காரி மெரினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னத்த வாங்கிட்டு வர? சந்தையில கரட்டா? பட்டம், அம்மாக்கண்ணு, பட்டம்! பெத்தவ இல்லாம அந்தப் புள்ள தனியா மேடை ஏறணுமா?"

"அங்கெல்லாம் எனக்குப் பழக்கம் இல்லீங்க."

"யாருக்குத்தான் பழக்கம்? நான் என்ன அங்கயா பொறந்தேன்?"

அம்மாக்கண்ணு அடுத்த சட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

டிக்கோயாத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். புருஷன் போன பிறகு ஹட்டனில் மெரினா வீட்டு வேலைக்கு வந்து, ஒரே மகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தவள். ஆனால் மகள் படித்த இடத்தை ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் சில நாள்தான். நேற்று தனுஜா மெரினாவுக்குப் போன் எடுத்து அழுதே விட்டாள்.

"நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க ஆன்ட்டி. அம்மா வரலன்னா நானும் போகப்போறதில்ல."

அழுகிறவர்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்க மெரினாவுக்குப் பொறுமை கிடையாது. காரியம்தான் பார்ப்பாள்.

"கையத் தொடச்சிட்டு ஒக்காரு."

லெப்டொப்பைக் குசினி மேசைக்கே தூக்கிக்கொண்டு வந்து, தனுஜா அனுப்பியிருந்த இணைப்பைத் திறந்தாள்.

பல்கலைக்கழகத்துக்காரர்கள் தங்கள் பழைய கட்டடங்களை, கட்டின காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே கணினியில் எழுப்பி வைத்திருந்தார்கள். சும்மா படம் இல்லை. பொத்தானை அழுத்தினால் நாமே நடக்கலாம். கிட்டப் போனால் கதவு திறக்கும். உள்ளே நின்று கூரையை அண்ணாந்தும் பார்க்கலாம்.

"இதுதான் மண்டபம். இங்கதான் தனுஜாவுக்குப் பட்டம் குடுக்கப் போறாங்க. இந்த அம்புக்குறிய அமுக்கினா நீ நடப்ப. ம், நட."

அம்மாக்கண்ணு விரலை முந்தானையில் இன்னொரு தரம் துடைத்துக்கொண்டாள்.

"தோட்டத்துப் பெரிய தொர பங்களா மாதிரியில்ல இருக்கு!"

"அதவிடப் பெருசு. நட நட."

நடந்தாள். கல் தூண்களும் அகலமான படிகளும் கிட்டே வந்தன. படிக்கு முன்னால் நின்றாள். பிறகு ஓரமாகத் திரும்பி, சுவரை ஒட்டியே போகத் தொடங்கினாள்.

"எங்க போற?"

"சுத்திப் போறேங்க."

"ஏன்? வாசல்தான் முன்னால ஆன்னு தொறந்து கெடக்கே!"

"அது அவங்க போறதுக்குங்க."

"எவங்க?"

அதற்குள் அவள் கட்டடத்தின் பின்பக்கத்துக்குப் போய்விட்டாள். பின்பக்கம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. சுவரில்லை, ஜன்னலில்லை, வெறும் சாம்பல் நிறம். செய்தவர்கள் அந்தப் பக்கத்தைச் செய்யவேயில்லை.

அம்மாக்கண்ணு கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, ஒடச்சிட்டேனாங்க?"

"ஒண்ணும் ஒடயல. பின்னால ஒருத்தி வந்து நிப்பான்னு அவங்க கனவா கண்டாங்க?"

அம்மாக்கண்ணு சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்.

"சின்னதுல எங்கம்மாவோட பங்களாவுக்குப் போவேங்க. பின்னால குசினிப் பக்கமாத்தான் போகணும். ஒருக்கா வெளையாட்டா முன் படியில ஏறிட்டேன். தொர நாய அவுத்து விட்டுட்டாரு. எங்கம்மா என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுன ஓட்டம் இருக்கே..."

மெரினா லெப்டொப்பை அவள் பக்கமாக இன்னும் தள்ளி வைத்தாள்.

"இங்க தொரையும் இல்ல, நாயும் இல்ல. அன்னைக்கு அந்த எடம் தனுஜாவோடது. நீ அவளப் பெத்தவ. திரும்பு. முன்னால வா. தலைய நிமித்து!"

முக்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு நிஜமாகவே தலையை நிமிர்த்தினாள். படியேறினாள். கதவு தானாகத் திறந்தது. உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள். எதிரே மேடை.

"எம்புள்ள எந்தப் பக்கமா ஏறும்?"

"அதோ, அந்தப் பக்கமா ஏறி இந்தப் பக்கமா எறங்கும்."

அம்மாக்கண்ணு மறுபடி வெளியே போனாள். மறுபடி முன் படியில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை.

"அப்ப இப்பிடித்தான் போகணும்."

"இப்பிடித்தான்."

"போறேங்கம்மா."

மெரினா எழுந்துபோய், நத்தார் பண்டிகைக்கு எடுத்து இன்னும் கட்டாத நீலச் சேலையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். பழசு என்று ஒரு பொய்யும் சொன்னாள்.

விழா நாள் காலையில் மெரினா தலவாக்கலையிலிருக்கும் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"முன் வாசலால போகவே பயப்படுறாடி! கூட இருந்து நான்தான் பழக்கினேன். இந்தக் காலத்திலயும் ஒரு மனுசிய இப்பிடி ஒதுங்க வச்சிருக்காங்களே, அந்தப் பங்களாக்காரங்கள நெனச்சா எனக்கு வாற ஆத்திரத்துக்கு... இரு, யாரோ பெல் அடிக்கிறாங்க."

போய் முன் கதவைத் திறந்தாள்.

நீலச் சேலையும் தலை நிறையப் பூவுமாக அம்மாக்கண்ணு. பக்கத்தில் தனுஜா. பஸ்ஸுக்குப் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்கள். அம்மாக்கண்ணு தலையை நிமிர்த்தி, சிரித்த முகமாக, வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தாள்.

மெரினா போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள்:

"என்னா அம்மாக்கண்ணு, இந்தப் பக்கமா வந்து நிக்கிற? குசினிக் கதவு தொறந்துதானே கெடக்கு?"